தொங்கல் பிரித்த தார்ப்பாய்

இம்மலரின் முகப்பில் அண்ணன் அவர்களின் படத்திற்குக் கீழே வேத வசனம் ஒன்றும் அச்சிடப்படவில்லை. நம் சபைக் குடும்பங்கள் வெளியிடும் நினைவு மலர்களில் அந்த இடம் ஒருபோதும் வெறுமையாக விடப்படுவதில்லை என்பதை நான் அறிவேன். அச்சகத்தாரும் மும்முறை தொலைபேசியில் அழைத்து, "வசனம் விட்டுப்போச்சு டீச்சர், ஒண்ணு சொல்லுங்க, போட்டுரலாம்" என்று நினைவூட்டினார். அது விட்டுப்போனதன்று. அண்ணன் அவர்கள் தம் இறுதி நாள்களில் வாய்விட்டுக் கேட்டுக்கொண்டது. ஏன் அவ்வாறு கேட்டார் என்பதை, இதனைக் கையில் பெறும் உறவினரும் நண்பர்களும் அறிந்திருத்தல் வேண்டும். அதற்காகவே அவருடன் பிறந்த ஒரே தங்கையாகிய நான் எழுத முற்பட்டேன்.

அவருடைய நற்பண்புகளை எழுதுவது எனக்கு எளிது. ஆனால் அவர் செய்த பிழை ஒன்றையும் மறைக்காமல் எழுதும்படி அவர் மனைவியாகிய என் மதினியார் பணித்தார்கள். நான் தயங்கினேன். "அத விட்டுட்டு எழுதுனா அது அவிய இல்ல தங்கச்சி" என்றார்கள். அதற்குமேல் தயங்க எனக்கு உரிமை இல்லை.

அண்ணன் பிறந்தது மும்பையின் தாராவியில். எம் பெற்றோர் திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியிலிருந்து பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்தவர்கள். தந்தையார் தோல் பதனிடும் கூடம் ஒன்றில் வேலை பார்த்தார். எனக்கும் அண்ணனுக்கும் ஏழாண்டு இடைவெளி. அண்ணன் ஒன்பதாம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்தபோது தந்தையார் நோயுற்று மறைந்தார். அதற்கடுத்த திங்கள் அண்ணன் தம் புத்தகப் பையை என் தோளில் மாட்டிவிட்டு, மீரான் பாய் அவர்களின் தார்ப்பாய்ப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். நான் படித்ததும், மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றதும் அந்தப் பையைச் சுமந்ததன் பயனே.

மீரான் பாய் அவர்களும் நம் மாவட்டத்தவரே. அண்ணனைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர். தம் தந்தையாரிடமிருந்து பட்டறையை ஏற்று நடத்தியவர். சுமையுந்துகளை மூடும் கித்தானும், மழைக்காலத்தில் கூரைகளின்மேல் விரிக்கும் நீல நிறத் தார்ப்பாய்களும் அங்கே தைக்கப்பட்டன. ஓரத்தை இருமுறை மடித்துத் தைத்தல், மூலைகளில் பித்தளை வளையம் அடித்தல், ஊசித் துளைகளில் மெழுகு தேய்த்தல் ஆகிய அனைத்தையும் அண்ணன் இரண்டே ஆண்டுகளில் கற்றுத் தேர்ந்தார். ஆயினும் அவருக்கென்று ஒரு தனி வழக்கம் இருந்தது. தைத்து முடித்த தார்ப்பாயை நால்வரைக் கொண்டு உயர்த்திப் பிடிக்கச் செய்வார். பிறகு தாம் அதன் அடியில் நுழைந்து நின்று வெயிலை நோக்கி அண்ணாந்து பார்ப்பார். ஊசிமுனை அளவு ஒளி தெரிந்தாலும் அவ்விடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுவிடுவார். இதனால் வேலை தாமதமாகிறது என்று மீரான் பாய் அவர்கள் ஒருமுறை கடிந்துகொண்டபோது அண்ணன் கூறிய விடை பட்டறையில் அனைவருக்கும் மனப்பாடம்: "மேல நின்னு பாத்தா ஓட்ட தெரியாது பாய். நனையப் போறவன் நிக்க எடத்துல நின்னு பாக்கணும்." இந்தச் சொற்களை உறவினர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கட்டுரையின் பிற்பகுதியில் அவை மீண்டும் வரும்.

மதினியார் மாட்டுங்கா லேபர் கேம்பில் பிறந்து வளர்ந்தவர்கள். திருமணத்திற்குப் பின்னும் அங்கேயே ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். நெடுநாள் காத்திருந்து பெற்ற ஒரே மகள் கிருபா. சாலையை அகலப்படுத்துவதற்காக அந்த வரிசை வீடுகள் அகற்றப்பட்டபோது, மான்குர்தில் ஏழாம் மாடியில் மாற்று வீடு கிடைத்தது. அதே கட்டடங்களுக்கு நம்மவர் பலரும் வந்து சேர்ந்தனர். ஞாயிறுதோறும் தாராவியிலுள்ள நம் சபைக் கோயில் வரை சென்று திரும்ப முதியவர்களால் இயலவில்லை. ஆகவே பன்னிரண்டு குடும்பத்தார் கூடித் தரைத்தளத்தில் ஓர் அறையை வழிபாட்டிற்கு ஒழுங்கு செய்தனர். அண்ணன் மிக விரும்பி உழைத்த நம் இளம் சபை அவ்வாறு தொடங்கியது. போதகர் ஐயா மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து செல்வார். வியாழன் மாலை வேதப் படிப்பை நடத்தும் பொறுப்பு அண்ணனிடம் ஒப்படைக்கப்பட்டது.

படிப்பதற்கு அவர் தெரிவு செய்தது, நம்முடையதைப் போன்றே அன்று புதிதாய் முளைத்த ஒரு சபைக்கு எழுதப்பட்டு வேதத்தில் இடம்பெற்ற சிறு கடிதம். துறைமுக நகரொன்றில் சிலரைக் கூட்டிச் சபையாக்கிய ஊழியர், எதிர்ப்பு மூண்டதால் அவர்களை விட்டுத் திடீரெனப் பிரிய நேர்கிறது. தொலைவிலிருந்து அவர்களுக்கு அவர் எழுதியனுப்பிய கடிதம் அது. சபையார் அதனை நிருபம் என்றே வழங்குவர். அந்தப் பெயருக்குப் பழகிப்போன நாம் அது கடிதம் என்பதையே நாளடைவில் மறந்துவிட்டோம் என்று இப்போது எண்ணுகிறேன். அதை எழுதியவர் கூடாரம் தைத்துத் தம் கையால் உழைத்து உண்டவர் என்பது அண்ணனுக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது. பட்டறையில் அதைச் சொன்னபோது மீரான் பாய் அவர்கள், "அப்பம் நம்ம தொழிலாளியா? அவருக்கும் இடுப்பு பிடிச்சிருக்கும் மாஸ்டரே. அதான் காயிதத்தச் சின்னதா முடிச்சிட்டாரு" என்றாராம். இதை வியாழக் கூட்டத்தில் எடுத்துரைத்து அண்ணனே முதலில் சிரித்தார்.

வாரத்திற்கு ஒரு வசனம் என்பது அவர் வகுத்த முறை. அதை ஒருவர் மாற்றி ஒருவர் வாசிப்பர். பின்னர் ஒவ்வொரு சொல்லாக எடுத்து விளக்குவார். அதற்காகத் தாம் எழுதிய குறிப்பேடுகளைப் புதன்கிழமைகளில் என்னிடம் திருத்தித் தருமாறு கொடுப்பார். ஒற்றுப் பிழைகளைத் திருத்தினேனே அன்றி உட்பொருளில் நான் தலையிட்டதில்லை. அவ்வாறு தலையிடாமல் இருந்ததால் பின்னர் நேர்ந்த பிழையில் எனக்கும் பங்குண்டு என்பதை இங்கே குறிப்பிடுவதே முறை.

கிருபா அப்போது கல்லூரியில் வணிகவியல் பயின்றுகொண்டிருந்தாள். நம் பிள்ளைகள் பலரையும் போல அவளுக்கும் தமிழ் வாசிப்பு தட்டுத்தடுமாறும். கைப்பேசியில் இந்தி மொழிபெயர்ப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தந்தையின் அருகில் அமர்ந்திருப்பாள். ஒரு வியாழனன்று இடைமறித்துக் கேட்டாள்: "அப்பா, இது லெட்டர்தானே? லெட்டர யாராவது வாரத்துக்கு ஒரு லைன் படிப்பாங்களா? பூரா படிச்சாத்தானே சமஜ் ஆகும், புரியும்?"

முதலில் தமிழை எழுத்துக்கூட்டாமல் படிக்கக் கற்றுக்கொண்டு, பிறகு தமக்குப் பாடம் நடத்தலாம் என்று அண்ணன் அவளைக் கேலி செய்தார். "எழுத்துக்கூட்டிப் படிக்கிறது நீங்கதான்ப்பா. ஒரு வசனம், ஒரு வாரம்" என்று அவள் திருப்பிச் சொல்ல, கூட்டம் முழுவதும் சிரித்தது. அன்றைய வசனம் தொடர்ந்தது.

இனி அந்தத் தார்ப்பாயைப் பற்றிக் கூறியாக வேண்டும். மான்குர்துக் கட்டடங்களில் ஒருவர் இறந்தால் உடலைக் கிடத்தி உறவினர் சூழ்ந்தமர வீட்டினுள் இடம் போதாது. கட்டடங்களுக்கு இடைப்பட்ட வெளியில்தான் வைத்தாக வேண்டும். மழைக்காலத்தில் அது பெருந்துன்பம். முதல் மழைக்காலத்தில் இரு குடும்பத்தார் அவ்வாறு நனைந்ததைக் கண்ட அண்ணன், பட்டறையில் எஞ்சிய கெட்டித் துணிகளை மீரான் பாய் அவர்களிடம் கேட்டுப் பெற்று, இரு கட்டடங்களுக்கு இடையே கட்டுமளவு பெரிய தார்ப்பாய் ஒன்றைத் தைத்தார். இன்ன சமயத்தார் என்று பாராமல் எவர் வீட்டிற்கும் அது சென்றது. கயிறு கட்டுவதற்கும் அண்ணனே செல்வார்.

அடுத்த மழைக்காலத்திற்குள் வியாழப் படிப்பு அக்கடிதத்தின் நான்காம் அதிகாரத்தை எட்டியிருந்தது. இறந்துபோனவர்களைக் குறித்து அச்சபையார் மனங்கலங்கியிருந்தனர். நம்பிக்கை இல்லாதவர்களைப் போல அவர்கள் துயருறாதிருக்க அந்த ஊழியர் ஆறுதல் எழுதும் பகுதி அது. அண்ணனுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. தார்ப்பாயின் முன்விளிம்பில் வெள்ளைத் துணியால் ஒரு தொங்கல் தைத்து, அந்த ஆறுதலை அதில் எழுத விரும்பினார். கடைசி வரிசையில் அமர்ந்தவரும் வாசிக்க வேண்டுமானால் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். எழுத்து பெரிதானால் வசனம் முழுவதும் தொங்கலில் அடங்காது. எனவே அதைச் சுருக்கி ஒரே சொல்லை மட்டும் சிவப்பு வண்ணத்தில், உள்ளே அமர்ந்திருப்போர் பார்க்கும்படி எழுதினார்: துக்கியாதிருங்கள்.

அன்று அதில் எவரும் பிழை காணவில்லை. ஆனால் அந்த ஒரு சொல் நாளடைவில் சபையின் சட்டமாயிற்று. சாவு வீட்டில் எவரேனும் குரலெடுத்து அழத் தொடங்கினால், அருகிலிருப்பவர் தொங்கலைச் சுட்டிக்காட்டுவார். அழுகுரல் அடங்கும். அக்கம்பக்கத்தார் வியந்தனர். நம்மவர் வீட்டுச் சாவில் சத்தமே கேட்பதில்லை என்று மாற்றுச் சமயத்தாரும் மெச்சினர். அதை ஊரார் முன் சபையின் விசுவாசத்திற்குச் சாட்சி என்று போதகர் ஐயாவும் பாராட்டினார். அண்ணனும் பெருமை கொண்டார் என்பதை நான் மறைப்பதற்கில்லை. மூன்றாம் மாடிச் செல்லம்மாள் அக்காளின் கணவர் இறந்த நாளில், நெஞ்சில் அறைந்துகொண்டு அழுத அந்த அம்மையாரின் தோளைத் தொட்டு, "போதும் அக்கா. மேல எழுதியிருக்கத வாசிங்க" என்று கூறியவர் அண்ணனே. அவரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடங்கிவிட்டார். அப்போது நான் அருகில் இருந்தேன்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் கிருபாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள் மருத்துவமனையில் சேர்த்தோம். ஒன்பதாம் நாள் அவளை இழந்தோம். அவளுக்கு அப்போது வயது இருபது.

அந்தத் தார்ப்பாய் அன்று அவளுக்காகக் கட்டப்பட்டது. மீரான் பாய் அவர்களும் பட்டறைத் தோழர்களும் வந்து கட்டினர். அண்ணன் தம் மகளின் தலைமாட்டில் அமர்ந்திருந்தார். அவர் தாம் தைத்த தார்ப்பாயின் அடியில் நனையப் போகிறவராக அமர்ந்தது அன்றுதான் முதன்முறை. மதினியார் அழவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. வந்தவர்கள் அனைவரும் அவர்களுடைய விசுவாசத்தைப் புகழ்ந்தார்கள். அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் மதினியார் அரிசி களைந்து உலை வைத்தார்கள்.

அதன்பின் ஏழு திங்கள் மதினியார் அவ்வாறே இருந்தார்கள். சமைத்தார்கள், துவைத்தார்கள், வியாழக் கூட்டத்திற்குப் பாய் விரித்தார்கள். கேட்டதற்கு மட்டும் விடை சொன்னார்கள். மகளின் பெயர் அவர்கள் வாயிலிருந்து ஒருமுறையும் வரவில்லை. தட்டில் இட்ட சோற்றில் பாதி அப்படியே திரும்பியது. உடல் மெலிந்து, வளையல்கள் முழங்கை வரை ஏறின. மருத்துவர் எல்லாச் சோதனைகளும் செய்து நோய் எதுவும் இல்லை என்றார். இப்படியே நீடித்தால் உடல் தாங்காது என்று மட்டும் அண்ணனைத் தனியே அழைத்து எச்சரித்தார்.

ஒரு ஞாயிறு பிற்பகல் நான் சென்றிருந்தேன். மதினியார் கிருபாவின் துணிகளை மீண்டும் மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாய்விட்டு அழுதுவிட்டால் மனம் சற்றுத் தேறும் என்று அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு கூறினேன். அவர்கள் கோபப்படவில்லை. துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்கள்:

"அழக் கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்காவல்லா தங்கச்சி. உங்க அண்ணன்தான தச்சாவ."

அண்ணன் அடுக்களை வாயிலில் தண்ணீர்ச் செம்புடன் நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் அது விழுந்தது. செம்பை வைத்துவிட்டு வெளியே சென்றவர், ஒரு மணி நேரம் கழித்தே திரும்பினார்.

அதன்பின் வந்த இரு வியாழன்களில் உடல்நலமில்லை என்று கூறிப் படிப்பை நடத்தாதிருந்தார். மூன்றாம் வாரம் என் இல்லத்திற்கு வந்தார். தம் வேதப் புத்தகத்தை என் கையில் கொடுத்து, அக்கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, எண்களைச் சொல்லாமல், நிறுத்தாமல், தபாலில் வந்த கடிதத்தை வாசிப்பதுபோல் வாசிக்கச் சொன்னார். "அந்தப் பிள்ள சொன்ன மாதிரி வாசி" என்றார். கிருபா அன்று கூட்டத்தில் கேட்டது எனக்கு நினைவுக்கு வந்தது.

நான் வாசித்தேன். மொத்தம் கால் மணி நேரத்திற்கும் குறைவாகவே ஆகும் என்பதை அன்றுதான் அறிந்தேன். வாரத்திற்கு ஒரு வரியாக நாங்கள் ஏறத்தாழ இரண்டாண்டுகள் நடந்த வழி அது. ஆனால் அன்று பாதி வழியில் அண்ணன் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். அந்த ஊழியர் தாம் பிரிந்துவந்த சபையாரைப் பற்றி எழுதும் பகுதி அது. பால் கொடுக்கும் தாயைப் போல அவர்களை நடத்தியதாகச் சொல்கிறார். அவர்களைப் பிரிந்ததைத் தாங்க முடியாமல், அவர்கள் நலமறிய ஓர் உடன் ஊழியரை அனுப்பியதாகச் சொல்கிறார். நலம் என்ற செய்தி வந்த பிறகே தமக்கு உயிர் வந்தது என்கிறார். ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு வாரத்தில் விளக்கிய அண்ணனுக்கு, அவை அனைத்தும் ஒரே மூச்சில் காதில் விழுந்தது அதுவே முதன்முறை.

"இந்த ஆளு அழுதிருக்காரு பிள்ள" என்றார்.

நான் தொடர்ந்து வாசித்தேன். இறந்தவர்களைப் பற்றிய பகுதி வந்தது. அண்ணன் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். அப்பகுதி, ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ளுங்கள் என்று முடிகிறது. அந்த இடத்தில் மீண்டும் கையை உயர்த்தினார். பிறகு மெல்லச் சொன்னார்: "ஒருத்தர ஒருத்தர் தேத்துங்கன்னுதான் முடிக்காரு. அழுதாத்தான தேத்த முடியும்? நான் தேத்த விடாம அடச்சிட்டேன்."

மறுநாள் காலை அண்ணன் தார்ப்பாயை மொட்டை மாடிக்கு எடுத்துச் சென்று விரித்தார். தொங்கலின் தையலை ஒவ்வொன்றாகப் பிளேடால் அறுத்துப் பிரித்தார். இரட்டை மடிப்புத் தையல் ஆதலால் ஒரு முற்பகல் முழுவதும் பிடித்தது. மதினியார் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வழியே வந்த சபைச் செயலர், தொங்கலை ஏன் பிரிக்க வேண்டும், நீளமான துணி வைத்து வசனம் முழுவதையும் எழுதிவிடலாமே என்று நன்மனத்துடன் கேட்டார். அண்ணன் தலை நிமிராமல், "சாவு வீட்ல உக்காந்து யாரு வாசிக்கப் போறா? தார்ப்பா மழைய மறைச்சாப் போதும் தம்பி" என்று பதில் கூறினார். பிறகு, தொங்கல் இருந்த இடத்தில் வரிசையாக நின்ற ஊசித் துளைகளில் மெழுகு தேய்த்தார். அடியில் நுழைந்து அண்ணாந்து பார்த்து, ஒளி தெரிந்த இடங்களில் மீண்டும் தேய்த்தார்.

அந்த வியாழனன்று கூட்டத்தார் முன் எழுந்து நின்று தம் பிழையை அறிக்கையிட்டார். நீண்ட உரையன்று. "நான் மேல நின்னு பாத்துட்டேன். கீழ நின்னு பாக்கல" என்று தொடங்கினார். வருந்துவோரை வருந்த விடாமல் தடுக்கும் அதிகாரம் அக்கடிதத்தில் எங்கும் தமக்குக் கொடுக்கப்படவில்லை என்றும், அழவிடாமல் தாம் அடக்கிய ஒவ்வொரு வீட்டாரிடமும் நேரில் சென்று மன்னிப்புக் கேட்கப் போவதாகவும் கூறினார். சிலருக்கு அது உவக்கவில்லை. நாம் கட்டிக்காத்த சாட்சியைக் குலைத்துவிட்டார் என்றனர். படிப்பை நடத்தும் பொறுப்பிலிருந்து அவரைச் சில காலம் விலக்கிவைப்பது நலம் என்று முடிவாயிற்று. அண்ணன் அதை மறுக்கவில்லை. பின்வரிசைப் பாயில் அமர்ந்துகொண்டார்.

அவர் முதலில் சென்றது மூன்றாம் மாடிக்கு. செல்லம்மாள் அக்காளின் வீட்டிற்குச் செல்வதாகக் கூறியதும், மதினியாரும் செருப்பை மாட்டிக்கொண்டு உடன் புறப்பட்டார்கள். நானும் சென்றேன். அண்ணன் வாயிலிலேயே நின்று, அன்று தோளைத் தொட்டுத் தாம் கூறியதற்கு மன்னிப்புக் கேட்டார். செல்லம்மாள் அக்காள் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்பம் வந்து அழச் சொல்லுதீரு. ஒன்றர வருசமாச்சு. கண்ணீர நான் என்ன ஃபிரிட்ஜ்லயா வச்சிருக்கேன், நீரு கேக்கும்போது எடுத்துத் தர?"

அம்மையார் அத்துடன் விடவில்லை. தம் கணவர் உயிரோடிருந்தவரை ஒரு நாள்கூடத் தம்மை அமைதியாக இருக்கவிட்டதில்லை என்றும், செத்த அன்று மட்டும் தாம் அமைதியாக இருந்ததைக் கண்டு அந்த மனிதர் மேலே போய் என்ன நினைத்திருப்பாரோ என்றும் கேட்டார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் உடைந்தது. "ஒரு வார்த்த சத்தமாக் கூப்புடாம அனுப்பிட்டேனே" என்று தரையில் அமர்ந்துவிட்டார்.

மதினியார் சென்று அவர் அருகில் அமர்ந்தார்கள். தேற்றுவதற்குத்தான் சென்றார்கள் என்று எண்ணுகிறேன். தோளில் கை வைத்தார்கள். ஆனால் வாயைத் திறந்தபோது வெளிவந்தது தேறுதல் மொழியன்று, மகளின் பெயர். ஏழு திங்களாக அவர்கள் சொல்லாத பெயர். "கிருபா" என்று முதலில் மெல்லவும், பின்னர் மூன்றாம் மாடி முழுவதும் கேட்கும்படியும் அழைத்தார்கள். இரு பெண்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அண்ணன் உள்ளே வரவில்லை. மாடிப்படியில் சென்று அமர்ந்துகொண்டார். அழுகுரல் கேட்டு எட்டிப் பார்த்த அண்டை வீட்டாரை, "ஒண்ணுமில்ல, அழுதாவ. அழட்டும்" என்று கூறித் திருப்பியனுப்பினார். நான் இறங்கிவந்து பார்த்தபோது அவர் முகமும் நனைந்திருந்தது. உள்ளே அழுகை ஓய்ந்த பின் செல்லம்மாள் அக்காள் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து தேநீர் வைத்தார். மதினியார் இரண்டு குவளை குடித்தார்கள். அன்றிரவு வீட்டில் சோறும் இட்டதெல்லாம் உண்டார்கள்.

ஏனைய வீடுகளுக்கும் அண்ணன் சென்றார். எல்லா இடத்திலும் இவ்வாறு நிகழவில்லை. சிலர் சிரித்து மழுப்பினர். ஒருவர் கதவைத் திறக்கவில்லை. அண்ணன் அதையும் ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு சபையார் தாமே அவரை மீண்டும் வியாழப் படிப்பிற்கு அழைத்தனர். அந்த முதல் வியாழனில் அவர் விளக்கவுரை எதுவும் நிகழ்த்தவில்லை. கடிதம் முழுவதையும் எழுந்து நின்று ஒரே தொடர்ச்சியாக வாசித்தார். வாசித்து முடித்து, "இத இப்பிடித்தான் வாசிக்கணும்னு எங்க வீட்ல ஒரு ஆளு சொல்லிச்சு" என்று மட்டும் கூறி அமர்ந்தார். அவர் வாசித்தபோது இரண்டு இடங்களில் குரல் தழுதழுத்தது. எவரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

இறுதி ஆண்டில் அண்ணனைச் சிறுநீரக நோய் வருத்தியது. வாரத்திற்கு இருமுறை மதினியார் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வார்கள். பட்டறைக்குச் செல்ல இயலாத போதும், மீரான் பாய் அவர்கள் வந்து பார்க்கும்போதெல்லாம் அந்த மழைக்காலத்திற்கு எத்தனை தார்ப்பாய் ஆயிற்று என்று விசாரிப்பார். முடிவு நெருங்கியதை அவர் அறிந்திருந்தார். ஒருநாள் என்னை அருகில் அழைத்து இரு செய்திகள் கூறினார். தம் படத்திற்குக் கீழே எந்த வசனமும் போடலாகாது என்பது ஒன்று. "பாதிய எழுதி மாட்டுத வேல நம்ம வீட்ல இனி வேண்டாம் பிள்ள" என்றார். வசனத்தின்மேல் அவருக்கிருந்த பற்றில் குறைவேதும் இல்லை. அக்கடிதத்தை அதற்கு முந்தைய நாளும் என்னை முழுவதுமாக வாசிக்கச் செய்து கேட்டிருந்தார். மற்றொன்று, மதினியாரை எவரும் அடக்கலாகாது என்பது. அதை என்னிடம் சொல்லிவிட்டு, அறைக்குள் வந்த மதினியாரைப் பார்த்து, "நல்லாச் சத்தமா அழணும், கேட்டியா? மூணாம் மாடி வரைக்கும் கேக்கணும்" என்றார். "அது என் இஷ்டம்" என்றார்கள் மதினியார். இருவரும் சிரித்தார்கள்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அண்ணன் அவர்கள் அமைதியாக மறைந்தார்கள். அன்று விடாது மழை. மீரான் பாய் அவர்கள் தம் முதுமையையும் பாராமல் வந்து நின்று கயிறுகளை இழுத்துக் கட்டச் செய்தார்கள். கட்டி முடிந்ததும் அடியில் நுழைந்து அண்ணாந்து பார்த்தார்கள். எங்கும் ஒழுகவில்லை. மதினியார் அழுதார்கள். செல்லம்மாள் அக்காள் இறங்கிவந்து, அவர்களைவிட உரத்த குரலில் அண்ணனைத் திட்டித் திட்டி அழுதார். தொங்கலைப் பிரித்ததை அன்று எதிர்த்தவர்களுள் இருவர் தூணைப் பிடித்துக்கொண்டு விம்மியதையும் நான் கண்டேன். ஜெபம் செய்ய எழுந்த போதகர் ஐயா, அழுகுரல் தானாக ஓயும் வரை புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அண்ணன் அவர்களின் பிணிக்காலத்தில் உடனிருந்து உதவிய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. மருத்துவமனைக்குச் சென்ற நாள்களில் வீட்டைப் பார்த்துக்கொண்டு, திரும்பி வரும்போது சூடாகச் சப்பாத்தி கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு மராத்தியக் குடும்பத்தாருக்கும், தோள் கொடுத்துச் சுமந்த பட்டறைத் தோழர்களுக்கும், கருத்து வேற்றுமை இருந்தும் கைவிடாது தாங்கிய சபையாருக்கும் எங்கள் அன்பைத் தெரிவிக்கிறோம். இவர்கள் அனைவருக்கும் மேலாக, அன்று குரலடக்காமல் அழுத ஒவ்வொருவருக்கும் மதினியாரின் பெயரால் நன்றி கூறுகிறேன். அண்ணனுக்கு அதைவிடப் பெரிய மரியாதையை எவராலும் செய்திருக்க முடியாது.

அந்தத் தார்ப்பாய் இப்போது மதினியாரின் கட்டிலடியில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மழைக்காலத்தில் எவர் வீட்டில் துயரம் நேர்ந்தாலும், எச்சமயத்தவராயினும், ஏழாம் மாடிக்கு வந்து கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். நனைந்தபடியே மடிக்காமல், ஒரு நாள் வெயிலில் உலர்த்தித் திருப்பித் தந்தால் போதும்.